மேட்டிலிருந்து வந்தவன்

பனிக்காலத்தில் சலவைக்கடைக்காரர்களின் பிழைப்பில் பாதி வானத்தின் கையில் இருக்கிறது. தோய்ப்பதற்கு இயந்திரம் உண்டு, பிழிவதற்கும் உண்டு. கனத்த விரிப்புகள் உலர மட்டும் காற்று வேண்டும். அந்த வருடம் காற்றே இல்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து எழும்பிய பனிமூட்டம் விடிந்ததும் தெருவுக்குள் வந்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்காது. எதிர்க்கடைக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும், கதவு தெரியாது. குரலை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

பெரியவள் கடைக்குப் பின்னால் இருந்த நீளமான கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, தங்கும் விடுதிகளிலிருந்து வந்த வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தாள். சுவரோரம் ஓடிய வெந்நீர்க் குழாயின் சூட்டில் அவை மெல்ல உலர்ந்தன. ஒரு விரிப்பை விலக்கினால் இன்னொரு விரிப்பு. அவள் புருஷன்தான் விடுதிகளுக்குத் துணி ஏற்றிப் போகும் வண்டிக்காரர். "இதுக்குள்ள நான் தொலைஞ்சு போனா கஞ்சியாவது கொண்டாந்து குடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே கூடையைத் தள்ளிக்கொண்டு போவார்.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் சின்னவன் வீட்டுக்கு வந்தான்.

பெரியவள், சின்னவன் என்பது அவர்களுடைய அப்பா கூப்பிட்டது. தெருவும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அந்தச் சலவைக்கடையை ஆரம்பித்தவர் அப்பா. அவரைக் கொன்றவன் சின்னவன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை. வாலிப வயசில் அவனுக்கு மனநோய் கண்டது. சாப்பிடாமல், குளிக்காமல் மூலையில் உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு வேறு யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டதாக நம்பினான். நிஜ அப்பாவை அந்த ஆள் எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்தான். ஒரு மத்தியானம், இஸ்திரி மேஜை பக்கத்தில், நடக்கக் கூடாதது நடந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் ஒட்டுச்சுவர் வீட்டுத் தையல்கார அம்மாள். வழக்கு நடந்து, செய்தது நோய்தான் என்று தீர்ப்பானது. ஊருக்கு வெளியே மேட்டின் மேல் உயர்ந்த மதிலுக்குள் இருந்த மனநல மருத்துவமனையில் அவனை வைத்தார்கள். ஊரார் அதை மேடு என்பார்கள். குழந்தை அடம்பிடித்தால், "மேட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவது வழக்கம்.

வருஷங்கள் போய், தலையில் நரை தட்டிய பிறகு, வீட்டார் பொறுப்பேற்றால் அவனை அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பெரியவள் பொறுப்பேற்றாள்.

மருத்துவமனை வண்டி அவனை இறக்கிவிட்டுப் போனது. கதவு அகலத் திறந்திருந்தது. அவன் பையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"ஏன்டா நிக்கிற? வா."

சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தான். உள்அறை வாசலிலும் நின்றான். சமையலறை வாசலிலும் நின்றான்.

"ஒவ்வொரு கதவுக்கும் நான் வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா உன்னை?"

"சொன்னாத்தான் தாண்டணும் அக்கா. அங்க அப்படித்தான். கால் தானா நின்னுடுது."

கஞ்சியும் அவித்த முட்டையும் வைத்தாள். சாப்பிட்டு முடித்து, கரண்டியை நக்கிச் சுத்தம் பண்ணி, கையில் உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் வாங்கிக்கொள்ளும் வரை கையை இறக்கவில்லை. மாத்திரை விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

"டேய், நான் என்ன பல் வைத்தியரா? மூடுடா வாயை." அவள் சிரித்தாள். வண்டிக்காரரும் சிரித்தார். சின்னவனும் கொஞ்சம் தாமதமாக, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவள் கூடத்துக்குப் போய் விரிப்புகளுக்கு நடுவில் நின்று அழுதாள்.

வேலையில் அவன் சுணங்கவில்லை. ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, மடிப்புக்கு மடிப்பு சேர்க்கும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அக்காவும் தம்பியும் எதிரெதிரே நின்று மடித்தார்கள். மடித்து மடித்து நெருங்கி வரும்போது இரண்டு பேர் கையும் தொட்டுக்கொள்ளும். அவன் கை எப்போதும் சில்லென்று இருந்தது.

தெரு பேச ஆரம்பித்தது. அவன் தெருக்கோடியில் ஒரு வீட்டின் முன் அசையாமல் நின்றதைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். ரொட்டிக்கடை வாசலில் நெடுநேரம் நின்றான், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை என்றார் கடைக்காரர். எல்லாம் உண்மைதான். பெரியவள் அவனைத் துணி கொடுக்கவும் ரொட்டி வாங்கவும் அனுப்பியிருந்தாள். யாராவது வா என்று சொல்லட்டும் என்று அவன் நின்றிருந்தான். மூட்டத்துக்குள் ஒரு மனுஷ உருவம் தன் வீட்டுக் கதவைப் பார்த்தபடி ஆடாமல் நின்றால் யாராக இருந்தாலும் தாழ்ப்பாளைப் போடத்தான் செய்வார்கள்.

கொடுத்த துணியை வாங்க யாரும் வரவில்லை. சட்டைகளும் மேல்கோட்டுகளும் இஸ்திரியாகி, கடையின் முன்பக்கக் கம்பியில் வரிசையாகத் தொங்கின. கதவு திறந்தால் எல்லாம் சேர்ந்து லேசாக அசைந்தன. தெருவே உடம்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து நிற்பது போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேட்டிலிருந்து ஒரு பெண் மருத்துவர் வந்திருந்தார். பெரியவளும் புருஷனும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "அந்த மாத்திரை நல்ல மாத்திரைதான். என் கடையிலதான் வாங்குறாங்க. ஆனா மாத்திரை வயித்துக்குள்ள போச்சான்னு யாரு பார்க்குறது? அங்க மதில் இருந்துச்சு, காவல் இருந்துச்சு. இங்க இந்த அம்மா ஒருத்திதான்."

"மாசாமாசம் எங்க ஆள் வந்து பார்ப்பாங்க," என்றார் மருத்துவர். "இந்த நோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானவங்க ஈ எறும்பைக்கூடத் தொடறதில்லை. இவருக்குக் குணமாகியும் உள்ளயே வெச்சிருந்தா, அது வைத்தியம் இல்லை. தண்டனை."

"பெரும்பாலானவங்க," என்றாள் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி. "இவன் அந்தப் பெரும்பாலுல சேர்த்தி இல்லையே டாக்டர். ஏற்கெனவே ஒரு தடவை நடந்துடுச்சே. நீங்க கூட்டம் முடிஞ்சதும் வண்டி ஏறிடுவீங்க. என் வீடு இங்கதான் இருக்கு."

ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவர், "அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க? சாகிற வரைக்கும் அடைச்சு வைக்கவா? நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளைக்கு வந்தா?" என்று கேட்டார். மண்டபம் கொதித்தது. என் பிள்ளையை எதுக்குய்யா இழுக்கிற என்று நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

பெரியவள் எழுந்து நின்றதும் சத்தம் அடங்கியது.

"செத்தது எங்க அப்பா," என்றாள். "உங்க அப்பா இல்லை. நான் அவனை வீட்டுக்குள்ள விட்டுட்டேன். தெருவுல நடக்க விடறதுக்கு உங்களுக்கு என்ன?"

அப்போது முன்வரிசையிலிருந்து தையல்கார அம்மாள் திரும்பினார். அக்காவும் தம்பியும் சிறு வயசிலிருந்து அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கோவிச்சுக்காதம்மா. அவனுக்கு முதல் சட்டை தைச்சுக் குடுத்தவ நான். அவன் மேல எனக்கு வன்மம் இல்லை. ஆனா அன்னிக்கு உள்ள வந்து பார்த்தது நான்தான். நீகூடப் பார்க்கலை. உன்னை உள்ள விடாம பிடிச்சுக்கிட்டது இந்தக் கைதான். எனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு செங்கல் சுவர்தான் இருக்கு. அவன் அந்தப் பக்கம் நடந்தா எனக்கு இந்தப் பக்கம் ஊசியில நூல் ஏற மாட்டேங்குது. அதை யாருகிட்ட சொல்ல?"

கூட்டம் எதையும் முடிவு பண்ணாமல் கலைந்தது. அவனைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஊர் சார்பில் மேலிடத்தில் கேட்பதாகப் பேச்சு.

அன்றிலிருந்து பெரியவளுக்குத் தூக்கம் போனது. ஊர் எப்படிப் பார்க்கிறதோ அப்படி அவளும் தம்பியைப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். யாராவது ஏதாவது சொன்னால் பதில் வைத்திருக்க வேண்டுமே. எப்போது எழுந்தான், எங்கே நின்றான், என்ன முணுமுணுத்தான் என்று கவனித்தாள். கவனிக்கக் கவனிக்க அவன் முகம் மாறிக்கொண்டே போனது. ஒரே வார்த்தையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் அது அர்த்தமில்லாத வெறும் சத்தமாகிவிடும் அல்லவா, அப்படி.

விரிப்பு மடிக்கும்போது ஒருநாள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். சின்ன வயசில் வெந்நீர்க் குழாயில் சுட்டுக்கொண்ட தழும்பு அங்கே இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் புதிதாக இருப்பது போலப் பட்டது.

"நாம வளர்த்த நாய் ஒண்ணு இருந்துச்சே," என்றாள். "அது எங்க படுக்கும்?"

"பிழியற மிஷினுக்கு அடியில. சூடா இருக்கும்னு. அப்பா அதைக் கணக்குப்பிள்ளைன்னு கூப்பிடுவாரு."

சரியான பதில். அது அவளைச் சில்லிட வைத்தது. இத்தனை வருஷம் கழித்து வந்தவன் யோசிக்க வேண்டாமா? பாடம் பண்ணி வைத்தவன்தான் இப்படி டக்கென்று சொல்லுவான். மறுநாள் வேறொன்று கேட்டாள். அவன் ஞாபகம் இல்லை என்றான். அதுவும் அவள் நினைத்ததற்குச் சரியாகவே பொருந்தியது.

தம்பி மேட்டை விட்டு வரவே இல்லை. இது வேறு ஆள். மூட்டத்தோடு வந்தவன்.

அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு ஒருவகை நிம்மதிகூட வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது. கதவுக்குக் கதவு ஏன் நிற்கிறான்? அவன் வீடாக இருந்தால்தானே உள்ளே நுழையத் தெரியும்.

அவள் அவனைப் பேர் சொல்லியோ, டேய் என்றோ கூப்பிடுவதை விட்டாள். அவன் போட்டுக் கொடுத்த டீயை மோந்து பார்த்து, அவன் பார்க்காத நேரத்தில் சாக்கடையில் ஊற்றினாள். மடிக்கும்போது கை தொடுமுன் விரிப்பை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது, திரும்பத் தோய்க்க வேண்டியதாயிற்று.

வண்டிக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. மூட்டத்தில் ஊர்ந்து வண்டி ஓட்டி, அலுத்து வந்து சாப்பிட்டுப் படுப்பவர். சின்னவனுக்குத் தெரிந்தது. பார்த்த உடனே தெரிந்தது. அந்தப் பார்வை வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று அவன் இதுவரை பார்த்ததில்லை. உள்ளேயிருந்து மட்டும் தெரியும்.

வண்டியில் கூடை ஏற்றும்போது மெதுவாகச் சொன்னான். "அத்தான், அக்காவுக்கு உடம்பு சரியில்லை."

"தூங்கறதில்லை, அதான். ஊர் பேச்சு அப்படி."

"அது இல்லை அத்தான். எனக்கு வந்தது அவளுக்கும் வந்திருக்கு."

வண்டிக்காரர் கூடையைக் கீழே வைத்தார். கோபப்படாதவருக்கு அன்றைக்கு முகம் சிவந்தது. "மச்சான், நீ வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை நான் உன்னைச் சொல்லியிருக்கேனா? உனக்காக ஊரே பகையாச்சு. கடை படுத்துடுச்சு. அவளைப் போய்ப் பைத்தியம்ங்கிறியே. மாத்திரை போட்டியா இன்னிக்கு?"

"போட்டேன்."

"வாயைத் திற."

அவன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். வண்டிக்காரர் பார்த்தார். பிறகு, தான் என்ன செய்தோம் என்று உறைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பின்விளக்கு இரண்டும் மூட்டத்தில் கரைந்தன.

சின்னவன் கடைக்குள் எட்டிப் பார்த்தான். தொங்கும் துணிகளுக்கு அந்தப்பக்கம், இஸ்திரி மேஜை ஓரம், பெரியவள் நின்றிருந்தாள். இஸ்திரிப் பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. மேஜையில் துணி எதுவும் இல்லை.

மேட்டுக்குப் போன் பண்ணலாம். யார் பேசுவது என்று கேட்பார்கள். நான்தான், எனக்கு ஒன்றுமில்லை, என் அக்காவுக்குத்தான் என்று சொன்னால், கேட்கிறவர் அடுத்த நிமிஷம் யாரை ஏற்றிப்போக வண்டி அனுப்புவார் என்று அவனுக்குத் தெரியும். அவள் நோயாளி என்றானால் அவனுக்குப் பொறுப்பேற்க ஆளில்லை என்பதும் தெரியும். இரண்டையும் யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவில் நின்றான். பிறகு ஒட்டுச்சுவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"யாரு?"

"சின்னவன், அத்தை."

உள்ளே காலடி கதவு வரை வந்தது. தாழ்ப்பாளைப் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"திறக்க வேணாம் அத்தை. நான் வெளியிலயே நிக்கிறேன். காது குடுத்துக் கேட்டாப் போதும்." கதவுக்கு மிக அருகில் வாயை வைத்துப் பேசினான். "அக்கா என்னை நான் இல்லைன்னு நினைக்குது. வேற ஆளுன்னு. டீ குடிக்க மாட்டேங்குது, கேள்வியாக் கேக்குது. நான் சொல்றது சரியா இருந்தாலும் தப்பு, தப்பா இருந்தாலும் தப்பு. இப்போ பெட்டியைச் சூடு பண்ணிக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. நான் உள்ள போனா அது என்னை ஏதாவது பண்ணிடும். பண்ணிட்டா அதுக்கு அப்புறம் அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அத்தை. நான் இருந்திருக்கேன். அக்கா அந்த நிலைமைக்கு வரக் கூடாது."

கதவுக்குப் பின்னால் தையல்கார அம்மாள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். சாவதற்கு முந்தின வாரம், சட்டைக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில், சின்னவனின் அப்பா அவரிடம் சொல்லியிருந்தார்: பையன் என்னை வேற ஆளுங்கிறான், கேள்வியாக் கேட்டுக் கொல்றான். இரண்டு பேருமாகச் சிரித்தார்கள். கோர்ட்டில்கூட அவர் அதைச் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

அவன் வாசலில் அதே மாதிரி நின்றிருந்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக அவனைக் கிட்டத்தில் பார்த்தார். கண்ணுக்கடியில் வீங்கி, வயசாகி, பயந்து போயிருந்தான்.

"நீ இங்கயே இரு," என்றார். "என் வீட்டுக்குள்ள போய் உட்காரு. உள்ளேர்ந்து பூட்டிக்க. நான் வந்து கூப்பிட்டாத்தான் திறக்கணும்."

சலவைக்கடைக்குள் நுழைந்ததும் தொங்கிய கோட்டுகள் எல்லாம் லேசாக அசைந்தன. இஸ்திரி மேஜை காலியாக இருந்தது. பெட்டியைக் காணோம். "அம்மாடி," என்று கூப்பிட்டார். பின்கூடத்திலிருந்து பெரியவளின் குரல் தணிந்து வந்தது.

"அத்தை, சத்தம் போடாதீங்க. இதுக்குள்ளதான் இருக்கான்."

விரிப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு தையல்கார அம்மாள் நடந்தார். வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. குரல் ஒருமுறை இடப்பக்கமிருந்தும் ஒருமுறை முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தது.

"நீங்க மட்டும்தான் அத்தை சரியாக் கண்டுபிடிச்சீங்க. சுவருக்கு அந்தப் பக்கத்திலேர்ந்தே கண்டுபிடிச்சீங்க. அது அவன் இல்லை. அவன் நடை இல்லை. இல்லையா?"

ஆமாம் என்றாலும் ஆபத்து, இல்லை என்றாலும் ஆபத்து. ஒரு விரிப்பில் பழுப்பாக ஒரு முக்கோணம் மெல்லப் பரவியது, தீய்ந்த வாடை வந்தது. அந்தப் பக்கம் பெரியவள் பெட்டியை விரிப்பில் அழுத்தியபடி நின்றிருந்தாள்.

"எனக்குக் கை நடுங்குதும்மா," என்றார். உண்மையைத்தான் சொன்னார். "உனக்கும் நடுங்குதா?"

முக்கோணம் இன்னும் கறுத்தது. பிறகு, "ஆமா அத்தை," என்று குழந்தை மாதிரி ஒரு குரல்.

"எத்தனை நாளா தூங்கலை நீ?"

"தூங்கினா வந்துடுவான்."

"நான் உட்கார்ந்துக்கறேன். நீ தூங்கு. அதை இப்படிக் குடு. விரிப்பு தீயுது பாரு, விடுதிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

பெரியவள் விரிப்பைப் பார்த்தாள். தொழில்காரிக்கு அது பொறுக்கவில்லை. "ஐயையோ," என்று பெட்டியை எடுத்தாள். அந்தக் கணத்தில் தையல்கார அம்மாள் அதை வாங்கிக்கொண்டார். உள்ளங்கை சுட்டது. அது பிறகுதான் தெரிந்தது.

தையல்கார அம்மாள் போன் பண்ணி மேட்டிலிருந்து வண்டி வந்தபோது மூட்டம் விலகியிருந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. சின்னவனைத்தான் ஏற்றப் போகிறார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வண்டிக்காரர் மனைவியின் தோளை அணைத்தபடி ஏறினார். அழுதுகொண்டே ஏறினார்.

அதற்குப் பிறகும் ஊர் இரண்டாகவே பேசியது. அந்த வீட்டு ரத்தமே அப்படி, இரண்டையும் உள்ளே வையுங்கள் என்றார்கள் ஒரு பக்கம். அவன் மட்டும் வெளியே இல்லாவிட்டால் அவளை யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று குமாஸ்தா கத்தினார். அவன் வராவிட்டால் அவளுக்கு வந்தே இருக்காது என்றார் மருந்துக்கடைக்காரர். மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் தையல்கார அம்மாள், "எனக்கு இன்னிக்கும் பயம்தான். அது போகாது. ஆனா அவன் பொய் சொல்லலை. நான் சுவருக்கு இந்தப் பக்கம்தானே இருக்கேன், பார்த்துக்கறேன்," என்றார். வண்டிக்காரர் பொறுப்பேற்றார். அவனை வீட்டிலேயே விட்டார்கள், இப்போதைக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவன் மேட்டுக்கு ஏறிப்போவான். காவல்காரர் அவனைப் பார்த்துத் தலையாட்டி உள்ளே விடுவார். பெரியவள் பெண்கள் பகுதியில், தோட்டத்தைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மருந்தில் முகம் உப்பி, சாந்தமாக இருந்தாள். வண்டிக்காரரை அடையாளம் தெரிந்தது. தையல்கார அம்மாளைத் தெரிந்தது. இவனை மட்டும் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்," என்றார் மருத்துவர். "நீங்க பேச்சுக் குடுங்க. நான்தான் உன் தம்பின்னு சொல்லிக்கிட்டே இருங்க."

"மாட்டேன் டாக்டர்," என்றான் சின்னவன். "அப்பா அப்படித்தான் சொன்னாரு. நான்தான்டா, நான்தான்டான்னு. அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம் ஏறிச்சு."

பெஞ்சின் மறுகோடியில், நடுவில் நல்ல இடைவெளி விட்டு உட்கார்ந்தான். ஆரஞ்சு உரித்து, சுளைகளைக் காகிதத்தில் வைத்து, பெஞ்சின் நடுவில் தள்ளினான். அவள் எடுக்கவில்லை. தோட்டத்தில் யாரோ சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் ஒரு சுளையை எடுத்து, மோந்து பார்த்து, வாயில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க வாராவாரம் வர்றீங்க," என்றாள் மரியாதையாக. "யாரு பெத்த பிள்ளையோ. எனக்கும் ஒரு தம்பி இருக்கான். எங்கயோ இருக்கான். கட்டாயம் வருவான். வந்தா, இப்படி ஒருத்தர் எனக்குத் துணையா வந்து உட்கார்ந்தாருன்னு அவன்கிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க," என்றான்.